சால்டரிங் தெரியாதவர் எலக்ட்ரானிக்ஸ் குழுவில் சேரலாமா?

சேரலாம். சால்டரிங் அயர்னை, அதாவது சால்டர் கம்பியை உருக்கி உதிரிகளைப் பற்றவைக்கும் சூட்டுக்கோலை, கையில் எடுத்ததே இல்லை என்றாலும் சேரலாம். முதல் ஒன்றிரண்டு மாதங்களுக்கு உதிரிகளைச் செருகியே இணைக்கும் ஒரு பிரெட்போர்டு, ஒரு கட்டு ஜம்பர் வயர், ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். “முதலில் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு வா” என்று நல்ல குழு எதுவும் யாரையும் வாசலில் நிறுத்தாது. அங்கே மென்பொருள் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களும் இப்படித்தான் தொடங்கியிருப்பார்கள்.

சிக்கல் கொஞ்சம் தள்ளி வருகிறது. புதியவர் ஒருவர் புரோகிராம் ஏற்றி இயக்கும் ஈஎஸ்பி32 போர்டு வாங்கிவிட்டார். வெப்பமும் ஈரப்பதமும் அளக்க பிஎம்இ280 சென்சார் மாட்யூல் ஒன்றும் வாங்கிவிட்டார். புரோகிராம் ஏறுகிறது, ஆனால் திரையில் ‘சென்சார் கிடைக்கவில்லை’ என்றே வருகிறது. லைப்ரரியை மாற்றிப் பார்ப்பார், வயரை மாற்றிப் பார்ப்பார், கடைசியில் கடைக்காரர் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவுகட்டிவிடுவார். மாட்யூலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் விஷயம் தெரிந்துவிடும்: உறையில் தனியாக வந்த பின் வரிசையை ஓட்டைகளில் செருகி மட்டும் வைத்திருக்கிறார், பற்றவைக்கவில்லை. செருகிய பின் சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. விரலால் லேசாகச் சாய்த்துப் பிடித்தால் வேலை செய்யும், விட்டால் நின்றுவிடும். புதியவர்களின் புகார்களில் இதைப் போல் அடிக்கடி வருவது வேறில்லை.

அதனால் என் கணக்கு இது: குழுவில் சேர சால்டரிங் தேவையில்லை. ஆனால் கடையில் விற்கும் மாட்யூல்கள் பலவும் அதைக் கேட்கும். கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும் என்னும்போது, அதைச் சுற்றிச் சுற்றிப் போவதுதான் கூடுதல் வேலை.

சால்டரிங் இல்லாமல் எவ்வளவு தூரம்

முதல் மாதத்தில் எதை வாங்கினாலும் பின் பொருத்தி வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆர்டுயினோ ஊனோவில் சாக்கெட் வரிசை தயாரிப்பிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வயரைச் செருகினால் போதும். மைக்ரோபிட் போர்டின் ஓரத்தில் பெரிய ஓட்டைகள் உண்டு, முதலைக் கிளிப்பால் கவ்விக்கொள்ளலாம். ராஸ்பெர்ரி பை பிக்கோ 2021இல் வந்தபோது பின் இல்லாத மொட்டைப் போர்டாகத்தான் வந்தது. பின் பொருத்திய வகை பிறகு பிக்கோ எச் என்ற பெயரில் வந்தது. அந்த ஓரெழுத்தைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

பிரெட்போர்டில் ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து ஓட்டைகள் உள்ளே ஒன்றோடொன்று இணைந்திருக்கும். நடுவில் ஓடும் பள்ளம் இரு பக்கத்தையும் பிரிக்கிறது. ஐசியை, அதாவது இரு பக்கமும் காலுள்ள சிப்பை, அந்தப் பள்ளத்தின் மேல் குறுக்காக உட்கார வைக்க வேண்டும். மேலும் கீழும் நீளமாக ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள் மின்சாரத்துக்கு. பெரிய போர்டுகள் சிலவற்றில் இந்தக் கோடு பாதியில் துண்டாகிவிடும், உள்ளே இணைப்பு இருக்காது. போர்டின் வலது பாதியில் மட்டும் எதுவும் எரியவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்துக் கோட்டின் இரு முனையையும் தொட்டால் பீப் சொல்லிவிடும்.

முதல் சர்க்யூட்டாக யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடியையும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 330 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக வையுங்கள். எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். மின்னோட்டம் 9 மில்லிஆம்பியர் அளவில் இருக்கும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டு மீட்டரில் அளந்து பாருங்கள். இரண்டும் பொருந்துவதைக் கண்ணால் பார்ப்பது சால்டரிங்கைவிட முக்கியமான பாடம்.

அப்புறம் டைமர் சிப்பான ஐசி 555ஐ வைத்து எல்இடியை மினுக்குங்கள். இரண்டு ரெசிஸ்டரும், மின்னேற்றத்தைத் தேக்கும் ஒரு கெப்பாசிட்டரும் வேகத்தைத் தீர்மானிக்கும். 1 கிலோஓம், 68 கிலோஓம், 10 மைக்ரோஃபாரட் வைத்தால் நொடிக்கு ஒருமுறை என்ற அளவில் மினுக்கும். இந்தச் சர்க்யூட்டைக் கலைத்துவிடாமல் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

பிரெட்போர்டு எங்கே கைவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். மோட்டார் போல ஓர் ஆம்பியரைத் தாண்டி இழுக்கும் எதையும் அதன் வழியாக ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கிளிப்கள் சூடாகும். தடித்த காலுள்ள டயோடை ஒருமுறை அழுத்திச் செருகினால் அந்த ஓட்டை தளர்ந்துவிடும், பிறகு மெல்லிய கம்பி அதில் நிற்காது. ஆடும் பொருளில், அதாவது ரோபோவில், சைக்கிளில், கதவில் வைத்தால் ஏதாவது ஒரு வயர் கழன்றே தீரும். ரேடியோ அலைவரிசைகளில் வரிசைகளுக்கு இடையிலான சில பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸே சர்க்யூட்டைக் கெடுத்துவிடும்.

எந்தக் கூட்டத்தில் சேருகிறீர்கள்

வீட்டுத் தானியங்கி, சென்சார், இணையத்தோடு பேசும் கருவிகள் என்று இருக்கும் குழுவில் பெரும்பகுதி வேலை புரோகிராமில்தான். அங்கே மாதக்கணக்கில் சால்டரிங் இல்லாமல் ஓட்டலாம். மெக்கானிக்கல் கீபோர்டு செய்கிறவர்களிடமும் சுவிட்சைச் சாக்கெட்டில் செருகும் வகை போர்டுகள் வந்துவிட்டன. ரோபோ பக்கம் போனால் மோட்டார் வயரையும் பேட்டரி கனெக்டரையும் பற்றவைக்காமல் தீராது.

பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு நடத்தும் ஹாம் ரேடியோ நண்பர்களிடம் கதை வேறு. அங்கே சொந்தமாகக் கட்டுவதுதான் பெருமை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸீவர் (அலைகளை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி) உலகம் முழுக்கப் பரவியதற்கு ஒரு காரணம், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண உதிரிகளை வைத்தே கட்டும்படி அவர் அதை அமைத்தது. அப்படிப்பட்ட ஒன்றைப் பிரெட்போர்டில் கட்ட முடியாது. முதல் நாளிலிருந்தே சால்டரிங்தான்.

உங்கள் பிள்ளைக்காகப் படிக்கிறீர்கள் என்றால் பத்து வயதுக்குள் அவசரப்பட வேண்டாம். பிரெட்போர்டும் முதலைக் கிளிப்பும் போதும்.

எதை வாங்குவது

சென்னையில் இருந்தால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. எல்லாம் உதிரியாகவே கிடைக்கும், பத்து ரெசிஸ்டர் வேண்டுமென்றால் பத்து மட்டும் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். மாட்யூலில் பற்றவைக்கும் பின் வரிசையை அங்கே ‘ஹெடர் பின்’ என்று கேட்பதைவிட ‘பெர்க் ஸ்ட்ரிப்’ என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். ஆண், பெண் என்று இரண்டு வகை உண்டு. வெறும் ஓட்டைப் போர்டுக்கு ‘டாட் போர்டு’ அல்லது ‘ஜீரோ பிசிபி’. வேறு ஊரில் இருந்தால் ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள், அவர் வாங்கும் கடையைக் காட்டுவார். ஆன்லைனிலும் எல்லாம் கிடைக்கிறது.

அயர்னில்தான் கொஞ்சம் காசு போட வேண்டும். சாதாரண 25 வாட் அயர்ன் மலிவு, பலர் அதில்தான் கற்றார்கள், தவறில்லை. ஆனால் அதில் வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. சும்மா வைத்திருந்தால் தேவைக்கு மேல் சூடேறி பிட், அதாவது அயர்னின் முனை, கருத்துப்போகும். பெரிய இணைப்பைத் தொட்டவுடன் ஆறிவிடும். புதியவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். வெப்பத்தை மாற்றக்கூடிய அயர்ன் சில நூறு ரூபாய் கூட ஆகும், அவ்வளவுதான். வாங்கும்போது எர்த் உள்ள மூன்று பின் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி போன்ற பிட்டைக் கழற்றிவிட்டு 2 மி.மீ. அகலமுள்ள தட்டை பிட்டைப் போடுங்கள். ஊசி முனை துல்லியமாகத் தெரியும், ஆனால் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது.

சால்டர் கம்பியில் 63/37 கேளுங்கள், இல்லையென்றால் 60/40. முதல் எண் வெள்ளீயம், அடுத்தது காரீயம். 63/37 கலவை 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகி, அதே வெப்பத்தில் சட்டென்று உறையும். இடையில் கூழ்போல் நிற்கும் கட்டம் கிடையாது. பரவலாகக் கிடைக்கும் காரீயமில்லாத வகை 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், பழகும் கைக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தடிமன் 22 கேஜ் போதும், ஏறத்தாழ 0.7 மி.மீ. உள்ளே ஃப்ளக்ஸ், அதாவது சால்டர் பரவி ஒட்ட உதவும் பொருள், அடைத்த கம்பியாக இருக்க வேண்டும். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸைத் தொடவே தொடாதீர்கள், செப்புத் தடத்தை நாளடைவில் அரித்துவிடும்.

இவற்றோடு ஸ்டாண்டு, பிட் துடைக்கப் பித்தளைச் சுருள், கொஞ்சம் ஃப்ளக்ஸ் பேஸ்ட், உருகிய சால்டரை உறிஞ்சும் டிசால்டரிங் பம்ப், சிறிய கட்டர். தொடக்கத்துக்கு வேறெதுவும் வேண்டாம்.

முதல் இணைப்பு

டாட் போர்டில் ஒரு துண்டும் பழைய ரெசிஸ்டர்கள் சிலவும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்யூட் எதுவும் வேண்டாம், கை பழகத்தான். ஜன்னலோரம் உட்காருங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தலைக்கு மேல் ஓடும் விசிறி பிட்டையும் ஆற்றும், புகையையும் உங்கள் முகத்துக்கே திருப்பும்.

அயர்னை 340 டிகிரியில் வையுங்கள். சூடானதும் பிட்டின் முனையில் கொஞ்சம் சால்டரை உருக்கித் தடவி, பித்தளைச் சுருளில் குத்தித் துடையுங்கள். முனை வெள்ளி போலப் பளபளக்க வேண்டும். கருத்துப்போன பிட் எவ்வளவு சூடாக இருந்தாலும் வெப்பத்தைக் கடத்தாது. இரும்பு முலாம் பூசிய பிட்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், முலாம் போனால் பிட்டும் போச்சு.

ரெசிஸ்டரின் கால்களை ஓட்டையில் நுழைத்து, அடிப்பக்கம் லேசாக விரித்துவிட்டுப் போர்டைத் திருப்புங்கள். பிட்டின் தட்டைப் பகுதி செப்பு வட்டத்தையும் காலையும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்து ஒரு நொடி பொறுங்கள். இப்போது சால்டர் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து, பிட்டில் படாமல், காலும் வட்டமும் சேரும் இடத்தில் வையுங்கள். அந்த இடம் போதிய அளவு சூடாகியிருந்தால் சால்டர் தானே உருகி வட்டம் முழுக்கப் பரவும், காலின் மேல் ஏறும். முதலில் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை. மொத்தம் மூன்று நொடிக்குள் முடிந்துவிடும். உறையும் வரை எதையும் அசைக்காதீர்கள்.

எல்லோரும் தொடக்கத்தில் செய்வது இதற்கு நேர்மாறு: பிட்டில் சால்டரை உருக்கி எடுத்துக்கொண்டு வந்து இணைப்பின் மேல் அப்புவார்கள். வரும் வழியிலேயே ஃப்ளக்ஸ் எரிந்து புகையாகிவிடும். கீழே இருக்கும் செம்பு ஆறிப்போய்க் கிடக்கும். சால்டர் உருண்டையாகத் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். இதைத்தான் டிரை சால்டர் என்பார்கள். பார்க்க இணைந்தது போலவே இருக்கும், மீட்டர்கூடச் சில நேரம் பீப் சொல்லும், ஒரு வாரம் கழித்துக் காலை வாரும். நல்ல இணைப்பின் பக்கங்கள் உட்குழிந்து சரிந்து வரும், காலின் முனை மேலே தெரியும், 63/37 கம்பி என்றால் பளபளப்பாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் ஃப்ளக்ஸ் பேஸ்ட் தடவி அயர்னை மறுபடி ஒரு நொடி வையுங்கள். முக்கால்வாசி நேரம் தானாகச் சரியாகிவிடும்.

கம்பி மிச்சத்தை வெட்டும்போது மறு விரலால் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். இல்லையென்றால் துண்டு தெறித்துக் கண்ணுக்குப் போகும்.

இருபது முப்பது இணைப்புகள் வைத்ததும் கை புரிந்துகொள்ளும். அதற்கு மேல் பயிற்சிக்காகப் பயிற்சி என்று உட்கார வேண்டியதில்லை. அந்த பிஎம்இ280 மாட்யூலை எடுத்துவிடலாம்.

பெர்க் ஸ்ட்ரிப் வைப்பது

மாட்யூலில் எத்தனை ஓட்டையோ அத்தனை பின் வரும்படி பெர்க் ஸ்ட்ரிப்பைக் கட்டரால் வெட்டுங்கள். நீளமான பக்கத்தைப் பிரெட்போர்டில் செருகி, குட்டைப் பக்கத்தின் மேல் மாட்யூலை உட்கார வையுங்கள். பிரெட்போர்டே பின்களை நேராகப் பிடித்துக்கொள்ளும். மறுபக்கம் ஏதாவது துண்டு வைத்து மாட்யூல் சாயாமல் மட்டப்படுத்துங்கள். யுஎஸ்பி எதுவும் இணைப்பில் இருக்கக் கூடாது.

ஓர் ஓரத்துப் பின்னை மட்டும் முதலில் பற்றவைத்து, குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். சாய்ந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் உருக்கி நிமிர்த்திவிடலாம். எல்லாவற்றையும் வைத்த பிறகு சாய்வைக் கண்டுபிடித்தால் பெரிய வேலை. சரியாக இருந்தால் எதிர் ஓரம், பிறகு நடுவில் இருப்பவை. ஒன்றுக்கொன்று இடையில் சற்று நேரம் விடுங்கள், இல்லையென்றால் கீழே பிரெட்போர்டின் பிளாஸ்டிக் இளகும். கிரவுண்ட் பின் மட்டும் மற்றவற்றைவிட நேரம் எடுக்கும், பெரிய செப்புப் பரப்போடு இணைந்திருப்பதால் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். இன்னும் இரண்டு நொடி பொறுங்கள்.

முடிந்ததும் அடுத்தடுத்த பின்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று மீட்டரில் பாருங்கள். பின்களுக்கு இடையே 2.54 மி.மீ.தான் இருக்கும், சால்டர் கூடிவிட்டால் பாலம் போட்டுவிடும். பாலம் விழுந்தால் பிட்டைத் துடைத்துவிட்டு இரண்டுக்கும் நடுவில் ஒருமுறை இழுங்கள்; போகவில்லையென்றால் பம்ப். பம்பை அழுத்தித் தயாராக வைத்துக்கொண்டு, சால்டர் உருகிய கணத்தில் அயர்னை எடுக்காமலே அதன் முனையைப் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். ஒரே இடத்தில் பத்து நொடி சூடாக்கிக்கொண்டே இருந்தால் செப்பு வட்டம் போர்டிலிருந்து உரிந்து வந்துவிடும்.

புகை, காரீயம், பேட்டரி

மேலே எழும் புகை காரீயம் அல்ல, ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசின். 350 டிகிரியில் காரீயம் ஆவியாகாது. அதற்காகப் புகையை இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. ரோசின் புகை ஆஸ்துமாவைக் கிளறும். சின்ன விசிறி ஒன்றை முகத்துக்கு எதிர்த்திசையில் புகையை இழுக்கும்படி வைத்தால் போதும். காரீயம் கைவழியாகத்தான் வாய்க்குப் போகும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், அதுவரை முறுக்கு, டீ எதுவும் மேசைக்கு வர வேண்டாம். சாப்பாட்டு மேசையில் இந்த வேலையே வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். 18650 போன்ற லித்தியம் செல்லில் நேரடியாக அயர்ன் வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பிரிப்பான் வெப்பத்தில் கெட்டால் செல் தீப்பிடிக்கலாம். செல் ஹோல்டர் வாங்கி அதன் வயரைப் பற்றவையுங்கள். இன்னொன்று 230 வோல்ட். யாராவது அனுபவசாலி பக்கத்தில் நின்று பார்க்கும் வரை சுவிட்ச் வேலை செய்யும் ரிலே போர்டில் வீட்டுக் கரண்டைக் கொண்டுவராதீர்கள், குழுவில் எத்தனை பேர் செய்து காட்டியிருந்தாலும் சரி.

குழுவில்

இப்போது குறித்து வைத்த அந்த 555 மினுக்கியை டாட் போர்டில் ஏற்றுங்கள். உயரம் குறைந்தவை முதலில்: ரெசிஸ்டர், பிறகு ஐசி பேஸ், பிறகு எல்இடி, கடைசியில் கெப்பாசிட்டர். ஐசியை நேரடியாகப் பற்றவைக்காமல் பேஸில் செருகுங்கள். எல்இடியின் நீளமான கால் பாசிட்டிவ். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். மின்சாரம் கொடுக்கும் முன் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

அது வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் சந்திப்புக்குக் கையோடு எடுத்துப் போங்கள். அடிப்பக்கத்தைப் பார்த்தே எந்த இணைப்பு ஆறிப்போனது என்று சொல்லக்கூடியவர் அங்கே ஒருவராவது இருப்பார். தூரத்திலிருந்து உதவி கேட்பதானால் போர்டின் இரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுங்கள், சர்க்யூட் வரைபடத்தையும் அளந்த வோல்டேஜையும் சேர்த்து அனுப்புங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் பதிலுக்குப் பத்துக் கேள்விதான் வரும்.

அடுத்தவர் அயர்னை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வெப்பத்தை ஏற்றினால் பழைய இடத்துக்கு இறக்கிவிடுங்கள். வைக்கும்போது பிட்டில் கொஞ்சம் சால்டர் பூசியே வையுங்கள். துடைத்துவிட்டு வெறுமனே வைத்தால் பிட் கருக்கும், அயர்ன்காரரின் முகமும் கருக்கும்.

சால்டரிங் வேண்டவே வேண்டாம், எனக்கு ஒத்துவராது என்பவருக்கும் அங்கே வேலை உண்டு. புரோகிராம் எழுதுவது, மற்றவர் கட்டியதைச் சோதித்து அளவுகளைக் குறிப்பது, வரைபடத்தைக் கணினியில் வரைந்து பிசிபி, அதாவது சர்க்யூட் அச்சிட்ட போர்டு, தயாரிக்க அனுப்புவது, இதற்கெல்லாம் ஆள் எப்போதும் குறைவுதான். உங்கள் மாட்யூலின் பின்களை யாராவது ஐந்து நிமிடத்தில் பற்றவைத்துத் தருவார்கள்.

ஓட்டையில் நுழையும் உதிரிகள் கைக்கு வந்த பிறகு, மேற்பரப்பில் ஒட்டும் எஸ்எம்டி உதிரிகள் கண்ணில் படும். 0805 அளவு, அதாவது 2 மி.மீ. நீளமுள்ளவற்றைச் சாதாரண அயர்னிலேயே வைக்கலாம். நல்ல ட்வீசரும் ஃப்ளக்ஸும் போதும். பயிற்சிக்கென்றே மலிவு கிட்கள் விற்கிறார்கள், அதில் தொடங்குங்கள். அதைவிடச் சிறிய 0402 பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். தும்மினால் காணாமல் போய்விடும்.